அம்மாவின் கண்புரை ஆபரேஷன்: பயம் எங்கே இருந்தது?

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரங்கூனில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த நாளிலிருந்து தூக்கமில்லை. காளி கோவிலில் அர்ச்சனை முடிந்தது. பீலிக்கான் அங்காளம்மனுக்கும் நேர்ந்துகொண்டார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, "ஒண்ணுமில்லக்கா, சின்ன வேலை" என்றார்கள். "ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இத்தனை பேர் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டார்!

புரையை எடுத்துவிட்டு லென்ஸ் வைப்பதைப் பற்றியும் சந்தேகம். கண்ணுக்குள் பிளாஸ்டிக்கா? இரண்டாம் உலகப் போரில் விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் பெரிய பாதிப்பில்லை என்பதைக் கவனித்து, 1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர் முதல் லென்ஸை வைத்தார் என்று சொன்னேன். "எனக்கு மூத்த வைத்தியமா, அப்ப சரி" என்றார்.

ஆனால் உண்மையான பயம் வேறு. அதை எங்களிடம் சொல்லவே இல்லை. அன்று காலை பிரஷர் ஏறியிருந்தது. குறையாவிட்டால் தள்ளிப்போடலாம் என்றார்கள். அப்போது ஒரு பர்மிய நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "அமே (அம்மா), எதை நினைச்சுப் பயம்?" என்று கேட்டார். அம்மா பர்மிய மொழியில் கடகடவென்று கொட்டினார். முழித்துக்கொண்டே படுத்திருக்கும்போது கண்ணைச் சிமிட்டிவிட்டால்? தும்மல் வந்துவிட்டால்?

நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொன்னார். இமையைச் சின்னக் கம்பி பிடித்திருக்கும், சிமிட்ட நினைத்தாலும் மூடாது. தும்மல், இருமல் வருகிற மாதிரி இருந்தால் தலையை ஆட்டாமல் வாயால் சொல்லுங்கள், டாக்டர் நிறுத்துவார். கத்தி தெரியாது, வெளிச்சமும் நிறமும்தான் தெரியும். சொட்டு மருந்து விட்டதும் பார்வை மங்கும், பயப்படாதீர்கள், பாவை விரிவதால் அப்படி.

கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கியது. கன்னத்தில் பூசியிருந்த தனாக்காவை, அந்த மரப்பட்டைச் சாந்தை, கழுவச் சொன்னதற்கு முணுமுணுக்கவில்லை. வெற்றிலைப் பையை வாங்கி வைத்தபோதுதான் முகம் சுருங்கியது. வெளியே வந்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

*

மோல்மீனிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு எம்ஆர்ஐ ஸ்கேன். உள்ளே தள்ளும் முன்பே கண்ணை மூடிக்கொண்டேன், கடைசிவரை திறக்கவில்லை. கையில் கொடுத்த ரப்பர் பந்தை அழுத்தினால் கூப்பிடலாம் என்றார்கள். அழுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை.

*

இன்னொரு வாசகர்: எங்கள் அப்பா உங்கள் அம்மாவுக்கு நேர்மாறு, அக்கா. கம்பி, கத்தி என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். "எவ்வளவு நேரம்? வெளியே யார் இருப்பா?" இது இரண்டும்தான் அவருக்கு வேண்டும்.