அம்மாவுக்கு மேல் இமைல கேன்சர் கட்டி, ஆபரேஷன் பண்ணி கண்ண மூடியே வெப்பாங்களாமே?

திருச்சி மக:
அம்மாவுக்கு 64 வயசு. மேல் இமைல கட்டி வந்துச்சு, கண்கட்டின்னு சொல்லி ரெண்டு தடவ கீறி எடுத்தாங்க, எடுத்தத டெஸ்டுக்கே அனுப்பல, திரும்ப அதே எடத்துல வந்து இப்ப அங்க முடியும் கொட்டிருச்சு. வேற டாக்டர் துளி சதை எடுத்து டெஸ்ட் (பயாப்சி) பண்ணி செபேசியஸ் கார்சினோமா, அதாவது எண்ணெய் சுரப்பில வர்ற கேன்சர்னுட்டார். பாதி இமைக்கு மேல எடுக்கணுமாம், கீழ் இமைல இருந்து சதைய இழுத்து தைச்சு 6 வாரம் கண்ண மூடி வெப்பாங்களாம். "கண்ணே போயிருமாடி"ன்னு அம்மா அழுறாங்க. யாருக்காச்சும் இது பண்ணிருக்கா?

ராமு அண்ணன்:
எங்கப்பாவுக்கு இதேதான் பண்ணோம் தங்கச்சி, கட்லர் பியர்டுன்னு பேரு. மூடி இருக்கும்போது அந்தக் கண்ணுல தெரியாது, ரெண்டாவது ஆபரேஷன்ல நடுவுல வெட்டி பிரிச்சதும் பழையபடி தெரிஞ்சுது. அதுவரைக்கும் படி எறங்க, ரோடு தாண்ட கூடவே ஆள் வேணும், அப்பா தம்ளர்ல தண்ணி ஊத்துனாகூட வெளிய ஊத்திருவார், அம்மாவ அடுப்புகிட்ட தனியா விடாதீங்க. புது இமைல முடி வராது, அது மட்டும்தான்.

கண் டாக்டர் பிஜி:
பயாப்சி பண்ணவருக்கு நன்றி சொல்லுங்க. வயசானவங்களுக்கு ஒரே எடத்துல திரும்ப வர்ற கட்டிய, அதுவும் முடி கொட்டுனா, கண்கட்டின்னு விடவே கூடாது. மேல் இமைல எண்ணெய் சுரப்பி ஜாஸ்தி, அதனாலதான் இது அங்க அதிகமா வருது.
இமைல கால்வாசி வரைக்கும் போனா நேரா இழுத்து தைச்சிரலாம், அதுக்கு மேல போனா பக்கத்து தோல திருப்பி வெப்போம், உங்கம்மாவுக்கு பாதிக்கு மேலங்கிறதால கீழ் இமை சதை வேணும். மேல் இமை இல்லன்னா கருவிழி காஞ்சு புண்ணாயிரும், பார்வைய காப்பாத்தத்தான் மூடுறாங்கன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. டாக்டர்கிட்ட மூணு கேளுங்க: வெட்டுன ஓரத்துல கேன்சர் இல்லாம சுத்தமான்னு, ஆபரேஷன் நடக்கும்போதே சதைய உறைய வெச்சு பாக்குற ஃப்ரோசன் செக்‌ஷன்ல பாத்துட்டுதான் தைப்பீங்களா, இமைக்கு உள்பக்கம் பரவிருக்கான்னு அங்கங்க துளி சதை எடுத்து பாப்பீங்களா, காதுக்கு முன்னாடியும் தாடைக்கு கீழயும் நெறிகட்டி இருக்கா. இன்னொரு கண்ணுல புரை இருந்தா அதையும் முன்னாடியே சொல்லிருங்க, 6 வாரம் அத நம்பித்தான் இருக்கணும்.

திருச்சி மக:
ஐயோ இன்னொரு கண்ணுல புரை இருக்கு, அத யாருமே கேக்கல. நாளைக்கே போய் சொல்றேன். அண்ணா, அப்பாவுக்கு பிரிச்சப்புறம் செக்கப்புக்கு எத்தன மாசத்துக்கு ஒருக்கா போறீங்க?

ராமு அண்ணன்:
மொத வருஷம் 3 மாசத்துக்கு ஒருக்கா, இப்ப 6 மாசம். கழுத்தையும் தடவி பாத்துத்தான் அனுப்புறாங்க.