புதுப்பிப்பு: மேமோகிராமுக்கு வர மறுத்த அம்மா போய் வந்துவிட்டார்

"கட்டி ஒன்றும் தட்டுப்படவில்லையே, எனக்கு எதற்கு?" என்று 58 வயது அம்மா மேமோகிராமுக்கு (மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம்) வர மறுத்து அடம்பிடிக்கிறார், என்ன செய்யலாம் என இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, "எதிர்வீட்டு ஆன்ட்டியையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்" என்றதுதான். நான் அனுப்பிய வீடியோக்களை அம்மா திறக்கவேயில்லை. ஆன்ட்டி ஒரு வார்த்தை சொன்னதும் கிளம்பிவிட்டார்!

இங்கே சிங்கப்பூரில், பாலிகிளினிக்கில் (அரசு மருந்தகம்) இருவருக்கும் ஒரே காலை. 50 வயதைத் தாண்டியவர் என்பதால் கட்டணத்துக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்பட்டது. எதிர்பாராதது: அம்மா வழக்கம்போல அக்குளில் பவுடர் போட்டிருந்தார். அது படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரியலாமாம், துடைத்துவிட்டுத்தான் எடுத்தார்கள். வாசனைத் திரவியமும் கூடாது. அழுத்தும்போது வலித்தது, சில விநாடிகள்தான் என்றார்.

பிறகு மறுபரிசோதனைக்கு வரச்சொல்லி அழைப்பு. வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. மருத்துவமனையில் இன்னொரு படமும் அல்ட்ராசவுண்டும் எடுத்தார்கள்: வெறும் நீர்க்கட்டி. இப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை என்று தாதி சொன்னார். அதை முன்பே தெரிந்திருக்கலாம்.

அம்மாவுக்கு அடுத்தது இரண்டு ஆண்டு கழித்து. 50 முதல் 69 வயது வரை அதுதான் இடைவெளி. 40களில் இருப்போர் மருத்துவரிடம் பேசிவிட்டு ஆண்டுதோறும் எடுக்கலாம். எனக்கு 43. இப்போது அம்மாதான் என்னை நச்சரிக்கிறார்.