ஜப்பானின் பச்சைத் தேநீரான சென்ச்சாவை, அதுவும் ஆர்கானிக்காக, அது விளையும் இடத்திலேயே குடித்தவர்கள் உண்டா?

நான் குடித்தேன், அதனால் நானே தொடங்குகிறேன்.

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த நாலாவது வருஷம், மே மாத விடுமுறையில் ஷிசுவோகாவின் கவானே பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன். வயதான கணவன் மனைவி, மலைச்சரிவில் கொஞ்சம் நிலம், அவ்வளவுதான். அதற்கு ஜப்பானின் ஆர்கானிக் முத்திரையான ஜாஸ் உண்டு. தேயிலை மாதிரிப் பல வருஷம் நிற்கும் செடி என்றால், அறுவடைக்கு முன் மூன்று வருஷமாவது ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாத நிலமாக இருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதல் வாய் எனக்கு ஏமாற்றம். கடையில் வாங்கும் நல்ல சென்ச்சாவில் நாக்கில் கெட்டியாக ஒரு ருசி நிற்குமே, உமாமி என்பார்களே, அது இதில் குறைவு. இளம்புல் வாசனையோடு லேசாக இறங்கியது. என் முகத்தைப் பார்த்துப் பாட்டி சிரித்துவிட்டார். நைட்ரஜன் உரத்தைக் கொட்டினால் இலையில் தியானைன் ஏறும், நீங்கள் தேடுகிற ருசி அதுதான். எங்கள் செடிக்குக் கிடைப்பது பிண்ணாக்கும் புல்லும் என்றார் தாத்தா.

புல் என்றதும் மாட்டுக்குப் போடுவதுதான் எனக்கு நினைவு வந்தது. இங்கே தோட்டத்தைச் சுற்றிப் புல்வெளியை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். இலையுதிர்காலம் தொட்டுக் குளிர்காலம் வரை அந்தச் சுசுகிப் புல்லை அறுத்து, கட்டிக் காயவைத்து, செடி வரிசைகளுக்கு நடுவே பரப்புகிறார்கள். ஈரம் காக்கும், களையை அடக்கும், மக்கி உரமாகும். சாகுசபா என்று பெயர். 2013-ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு இதை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. ஆனால் குனிந்து அறுப்பது எழுபது தாண்டிய இரண்டு முதுகுகள்.

அப்புறம் பாட்டி டீ போட்ட விதம். நம்மூரில் டீயை ஆற்றுவோம், அவர் வெந்நீரை ஆற்றினார்! கெட்டிலிலிருந்து ஒரு கிண்ணம், அதிலிருந்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பத்து டிகிரி போல இறங்குமாம். எழுபது சொச்சத்துக்கு வந்த பிறகுதான் இலை மேல் ஊற்றினார். கொதிநீரில் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு வரும், சூடு குறைந்தால் இனிப்பு முன்னால் நிற்கும். ஒரு நிமிஷம் கழித்து, கைப்பிடி பக்கவாட்டில் இருக்கும் கியூசு என்ற சின்ன டீ கெண்டியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உதறினார். மூன்றாவது முறை ஊற்றியபோதுதான் எனக்கு அந்த டீ பிடிபட்டது.

* * *

வெந்நீரை ஆற்றியதைப் படித்ததும் சிரித்தேன். மதுரையில் அம்மாவுக்குச் சென்ச்சா ஒரு பொட்டலம் அனுப்பினேன். பாலில் போட்டுக் கொதிக்கவிட்டுவிட்டு, “என்னடீ இது, கீரை வேகவச்ச தண்ணி மாதிரி இருக்கு” என்று போன் வந்தது. தப்பு என்னுடையது, எப்படிப் போடுவது என்று சொல்லவே இல்லை. இப்போது லிட்டர் தண்ணீருக்குப் பத்து கிராம் போட்டு ஃப்ரிட்ஜில் சில மணி நேரம் வைக்கிறார். சித்திரை வெயிலுக்கு அதுதான் வேண்டுமாம், பாலே தேவையில்லையாம்.

* * *

நான் கியோட்டோவின் வாசுகாவில் ஒரு சின்னத் தோட்டத்தில் இரண்டு வாரம் கூடமாட உதவினேன். கொழுந்து கிள்ளலாம் என்று போனால், கொடி பிடுங்கும் வேலை! களைக்கொல்லி கிடையாது, அதனால் செடிக்குள் கொடி ஏறிவிடும். அறுவடை மெஷினை இரண்டு பேர் வரிசைக்கு இருபுறமும் பிடித்து நடப்பார்கள். கொடி இருந்தால் அதையும் சேர்த்து வெட்டிப் பைக்குள் தள்ளிவிடும். என் கைகளில் கீறல் ஆற ஒரு வாரம் ஆனது. வெட்டிய இலையை அன்றைக்கே ஆவியில் காட்டிவிட வேண்டும், தாமதித்தால் பச்சை போய்விடும், அதனால் மதியச் சாப்பாடுகூட ஓட்டத்தில்தான்.

* * *

கொடி பிடுங்கியவருக்கு: மூன்று முறை ஊற்றிய இலையை என்ன செய்தீர்கள்? நான் போன கவானே தோட்டத்துப் பாட்டி அதில் நாலு சொட்டு சோயா சாஸ் விட்டுத் தட்டில் வைத்தார். மருந்து படாத இலை, தின்னலாம் என்றார். சாதத்தோடு நன்றாகவே இருந்தது.