கண்ணை மூடும் பேட்ச் ஒட்டினால் மகள் பிய்த்துவிடுகிறாள், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். என் மகளுக்கு 5 வயது. இடது கண் மூக்குப் பக்கம் திரும்பும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டோம்.

போன மாதம் சொட்டு மருந்து விட்டுப் பார்த்ததில் தூரப்பார்வை, பவர் +4.5. கண்ணாடி போட்டால் கண் நேராகிவிடுகிறது, கழற்றினால் பழையபடிதான். ஆனால் அந்தக் கண் சோம்பிவிட்டது. கண்ணாடியோடும் பார்வை 6/24தான், அதாவது மற்றவர்கள் 24 மீட்டரில் படிப்பதை அவள் 6 மீட்டரில்தான் படிக்கிறாள். அது அனுப்புவதை மூளை கண்டுகொள்வதே இல்லையாம். அதனால் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்க, நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் பேட்ச் ஒட்டி மூடச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கேதான் சிக்கல். பத்தே நிமிடத்தில் பேட்ச்சைப் பிய்த்துவிடுகிறாள். கண்ணாடியில் துணி உறை மாட்டினால் ஓரமாக எட்டிப் பார்க்கிறாள், கள்ளி! அந்த 2 மணி நேரத்தை நீங்கள் எப்படி ஓட்டினீர்கள்? தோல் சிவந்தால் என்ன செய்தீர்கள்? பேட்ச்சுக்குப் பதில், நல்ல கண்ணின் பார்வையை மங்கலாக்கும் அட்ரோபின் சொட்டு விட்டவர்கள், வெயிலில் கண் கூசுவதை எப்படிச் சமாளித்தீர்கள்?

அப்புறம், என் தம்பிக்கும் சிறுவயதிலிருந்தே மாறுகண், இப்போது 31 வயது. இந்த வயதிலும் ஆபரேஷனில் கண்ணை நேராக்கலாம், மங்கிய பார்வை திரும்புவதுதான் கஷ்டம் என்றார் டாக்டர். பெரியவர்களான பிறகு செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிறகு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்ததா, எத்தனை நாள்? அவன் பயப்படுவது அதற்குத்தான்.