காற்றாலைக்கு முந்தைய வௌவால் கணக்கெடுப்பு: கம்பத்து மைக்கில் ஓயாத இரைச்சல், உதவுங்கள்

காற்றாலை வரவிருக்கும் மேட்டில் வௌவால் கணக்கெடுப்பு செய்கிறேன். காற்று அளக்கும் கம்பத்தில் 50 மீட்டர் உயரத்தில் வௌவால் ஒலியைப் பதியும் ஒரு மைக், தரையிலிருந்து 2 மீட்டரில் இன்னொன்று. இரண்டு கருவியும் ஒரே மாடல், பதிவு வீதம் 384 கிலோஹெர்ட்ஸ்.

முதல் இரண்டு வாரம் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து மேல் மைக்கின் ஒலி வரைபடத்தில் 20 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரை தடித்த இரைச்சல் பட்டை, விடியும் வரை கோடு விடாமல் ஓடுகிறது. இலைகூட அசையாத இரவிலும் அப்படியே. தரை மைக் சுத்தம்.

மைக்கை மாற்றினேன், மெமரி கார்டை மாற்றினேன், கெயினைக் (ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்தேன். அதே மேல் மைக்கைத் தரையில் வைத்தால் இரைச்சலே இல்லை. ஃபில்டர் போட்டு வெட்டலாம்தான், ஆனால் உயரப் பறக்கும் வௌவால்கள் பல எழுப்பும் ஒலி அந்த இடத்தில்தான் விழுகிறது. காற்றாலை இறக்கையில் அடிபடுவதும் பெரும்பாலும் அவைதான். அவற்றை இழந்துவிட்டுத் தரைப் பதிவை மட்டும் அறிக்கையில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கருவிக்கு மின்சாரம் வருவது கம்பத்தில் காற்று அளவைப் பதியும் லாகரின் பேட்டரியிலிருந்து. அப்புறம், மூன்றாவது வாரத்தில்தான் உச்சியில் எச்சரிக்கை விளக்கு பொருத்தினார்கள்.

இப்படிக் கம்பத்தில் மைக் வைத்தவர்கள் சொல்லுங்கள்: தனி பேட்டரி கொடுத்தால் இந்தப் பட்டை போய்விடுமா, இல்லை கேபிளையே விளக்கிலிருந்து தள்ளி இழுக்க வேண்டுமா?