நட்சத்திரம் ஏறவே இல்லை, தெரிந்தவர்கள் உதவுங்கள் (அவசரம்)

குளக்கட்டுப்பொடியன், வெள்ளி இரவு 9.42

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. கேமில் ஆட்களுக்கு வேலை மாற்றும் தர்மா கோயிலை ஒருமாதிரி முடித்து எல்லோருக்கும் வேலை எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாளாகச் சண்டை பிடிக்கிறேன், ஒருவருக்கும் அந்த வேலையில் தேறியதைக் காட்டும் நட்சத்திரம் ஏறவில்லை. 300 சண்டையாவது இருக்கும். சேவ் பழுதாகிவிட்டதா? முதலிலிருந்து தொடங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் கூட்டத்தில் இருக்கும் மரிபெல் வேறு இரண்டு அடியில் விழுந்துவிடுகிறாள். கரண்ட் இல்லை, போன் 11% இல் நிற்கிறது. கெதியாகச் சொல்லுங்கள்.

மாங்குளம்சந்தி, 9.50

எந்த கேம் தம்பி?

பாலைப்பழம், 9.53

மரிபெல், தர்மா என்றால் ட்ராகன் குவெஸ்ட் 7. ஆனால் எதில் விளையாடுகிறீர்கள்? பழைய பிளேஸ்ரேஷன் (பிஎஸ்1) ஆ, நின்ரெண்டோவின் கையடக்க 3டிஎஸ் ஆ? இரண்டிலும் வேலை விதிகள் வேறு. யாருக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? இன்னொன்றும் இடிக்கிறது: 300 சண்டை பிடித்தவரின் ஆள் இரண்டு அடியில் எப்படி விழுவாள்?

ஏ9இரவுபஸ், 10.04

போன் 11% என்கிறார், அப்படியென்றால் போனில்தான் விளையாடுகிறார், பழைய கேமைப் போனில் ஓட்டும் எமுலேற்றரில். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஃபாஸ்ட் ஃபோர்வேர்ட் போட்டிருப்பீர்கள். 4 மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் கேம் சண்டையை எண்ணத் தவறிவிடும். எனக்கு வேறொரு கேமில் இப்படி நடந்தது, பெட்டி திறந்தேன், சாமான் வரவில்லை. அதோடு, எமுலேற்றரின் சேவ் ஸ்ரேற்றில் வைத்துவிட்டு கேமின் சொந்தச் சேவ் போகும் மெமரி கார்டில் வைக்காமல் விடுவீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகும். வேகத்தை நிறுத்தி, கோயிலில் போய் முறையாகச் சேவ் பண்ணி, போனை ஒருதரம் ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கள்.

பழைய மெமரிகார்ட், 10.31

இந்தக் கேள்வி எத்தனை தரம் வந்துவிட்டது. முதலில் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் வரவேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த கேம் ஜப்பானில் 2000 ஓகஸ்டில் இரண்டு டிஸ்க்கில் வந்தது, அங்கே மட்டும் 40 லட்சத்துக்கு மேல் விற்றது. வட அமெரிக்காவுக்கு 2001 இல் ட்ராகன் வாரியர் 7 என்ற பெயரில் போனது. 3டிஎஸ் இல் திரும்பச் செய்தது ஜப்பானில் 2013, இங்கிலிஷில் 2016. நான் முதலாவதை விளையாடியவன். அதில் மிக இலகுவான எதிரியான ஸ்லைம், அதில் முதலாவதைக் காணவே இரண்டு மூன்று மணித்தியாலம் ஆகும், வேலை எடுக்க 20 மணித்தியாலம் தாண்டும். அந்தப் பொறுமை இருந்தால்தான் இந்த கேமைத் தொடவேண்டும். இப்போதைய பிள்ளைகள் வேகத்தைக் கூட்டிவிட்டு நட்சத்திரம் எங்கே என்று தேடுகிறார்கள்.

வேலை மாற்றும் ஒழுங்குதான் முக்கியம். எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து, இரண்டிலும் இல்லாத தனி வித்தைகள் சில கிடைக்கும். அதைப் பார்க்காமல் மேஜ் (மந்திரவாதி), கிளெரிக் (குருவானவர்) என்று கண்டபடி கொடுத்திருப்பீர்கள்.

யானைவேலி, 10.40

மெமரிகார்ட் அண்ணை சொல்லும் தனி வித்தைகள் 3டிஎஸ் இல் இல்லை. 3டிஎஸ் இல் வேறொரு பொறி இருக்கிறது: அடிப்படை வேலையில் படித்தது எப்போதும் கூடவரும், ஆனால் இடைநிலை, மேல்நிலை வேலையில் படித்ததை அந்த வேலையில் இருக்கும்வரைதான் பாவிக்கலாம். சேஜ், பலடின் இரண்டும் இடைநிலை வேலை; சேஜ் ஆகிப் படித்துவிட்டுப் பலடின் ஆனால் சேஜின் மந்திரம் போய்விடும். அதனால் ஆளுக்கு ஒரு பாதையைத் தெரிந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

பழைய மெமரிகார்ட், 10.46

பிழை. எல்லாம் கூடவரும். நான் எல்லா வேலையும் எல்லோருக்கும் கொடுத்து முடித்தவன்.

யானைவேலி, 10.49

நீங்கள் பிஎஸ்1 இல் முடித்தீர்கள். நான் 3டிஎஸ் பற்றிச் சொல்கிறேன். கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்த கசெற் இப்போதும் என் கையில்தான் இருக்கிறது, போட்டுப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பழைய மெமரிகார்ட், 10.52

அது சுருக்கிக் கெடுத்த பதிப்பு. அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

துணுக்காய் ரீச்சர், 11.15

கேட்டவரைப் பேசவிடுங்கள். அவர் பதில் சொல்லாமல் நாங்கள் என்ன மருந்து கொடுப்பது?

தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஒன்று, மிருகங்கள் நடமாடுவது முன்கூட்டியே தெரிகிறதா, அல்லது நடந்துபோகும்போது திடீரென்று சண்டை தொடங்குகிறதா? தெரிந்தால் 3டிஎஸ், தெரியாவிட்டால் பிஎஸ்1, பதிப்பின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு, உங்கள் லெவல் எத்தனை? மூன்று, அந்த 300 சண்டையையும் எங்கே நின்று பிடித்தீர்கள்? இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்.

மாங்குளம்சந்தி, 11.22

எனக்கு வேலை ஒழுங்கெல்லாம் தெரியாது, ஒரே ஒரு புத்திமதி: கிடைக்கும் விதைகளை இளவரசன் கீஃபருக்குக் கொடுக்காதீர்கள். நான் பலம் கூட்டும் விதை முழுக்க கீஃபருக்குத்தான் போட்டேன். அவன் தர்மாவுக்கு முன்னமே ஆளை விட்டுப் போனான், விதையும் போனது. ஜப்பான்காரர் அவனுக்கு விதைக்கள்ளன் என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களாம்.

புதுவரவு, 11.24

அண்ணை!!! நான் இந்த கேமை நேற்றுத்தான் தொடங்கினேன். எனக்கு மிகவும் பிடித்த ஆளே கீஃபர்தான்.

மாங்குளம்சந்தி, 11.25

ஐயோ தங்கச்சி. மன்னிக்கவும்.

புதுவரவு, 11.25

நான் தம்பி.

பழைய மெமரிகார்ட், 11.33

2000 இல் வந்த கேம். ஒரு தலைமுறை கடந்த கதையைச் சொன்னால் அது குற்றமா? தர்மா பற்றிய இழைக்குள் வந்தால் தர்மாவுக்கு முன் நடந்தது காதில் விழத்தான் செய்யும்.

பாலைப்பழம், 11.41

கேம் பழையது, விளையாடுபவன் புதியவன். எங்கள் ஊரில் இந்த கேமின் பெயரைக் கேள்விப்படவே பலருக்கு இவ்வளவு காலம் எடுத்தது. 2001 இல் எங்கள் பக்கம் கரண்டே இல்லை அண்ணை, பிஎஸ்1 ஐ எந்தப் பிளக்கில் செருகுவது? போத்தல் விளக்கில் படித்த ஆள் நான்.

ஏ9இரவுபஸ், 11.44

ஜெனரேற்றரில் படம் ஓட்டுவார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று காசு. அந்த ஜெனரேற்றர் கரண்டில் ரீவியின் படம் மூச்சு வாங்குவதுபோல் சுருங்கி விரியும். சரி, அது வேறு கதை. நான் இன்னமும் சொல்கிறேன், ஃபாஸ்ட் ஃபோர்வேர்ட்தான் காரணம்.

குளக்கட்டுப்பொடியன், சனி காலை 6.58

மன்னிக்கவும், போன் நின்றுவிட்டது. அண்ணாவின் பிஎஸ்1 டிஸ்க் இரண்டு இருந்தது, அதிலிருந்து எடுத்துப் போனில் போட்டது. சண்டை திடீரென்றுதான் வரும். லெவல் 24. எங்கே என்றால் கல்துண்டுகளைச் சேர்த்துப் போகும் தீவுகளில் முதலாவதில்தான், அந்தக் கிராமத்துக்கு வெளியே. ஸ்லைம்தான் வரும், ஒரே அடி. ஓம், வேகம் 4 மடங்கு.

துணுக்காய் ரீச்சர், 7.20

அங்கேதான் பிழை. உங்கள் சேவுக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படவேண்டாம்.

இந்த கேமில் வேலை நட்சத்திரம் அனுபவப் புள்ளியால் ஏறுவதில்லை, பிடித்த சண்டைகளின் எண்ணிக்கையால் ஏறுகிறது. எண்ணிக்கைதானே என்று எல்லோரும் சுகமான இடம் தேடிப் போவார்கள் என்பது கேமைச் செய்தவர்களுக்கும் தெரியும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு லெவல் எல்லை வைத்திருக்கிறார்கள். உங்கள் லெவல் அதைத் தாண்டியிருந்தால், அங்கே 300 என்ன, 3000 சண்டை பிடித்தாலும் ஒன்றுகூடக் கணக்கில் சேராது. திரையில் ஒரு எச்சரிக்கையும் வராது. காசும் புள்ளியும் வழக்கம்போல் வரும், அதனால்தான் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நம்பிவிடுகிறோம். லெவல் 24 ஆள் முதல் தீவு ஸ்லைமை அடிப்பது, ஏ.எல் பிள்ளை முதலாம் ஆண்டு வகுப்பில் போய் இருந்து முதலாம் பிள்ளையாக வருவதுபோல. நான் அதற்குப் புள்ளி போடமாட்டேன், கேமும் போடாது.

ஒரு விதத்தில் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஸ்லைம் தருவது அற்பப் புள்ளி, அதனால் லெவல் கூடவில்லை. நடுத்தரமான இடத்தில் மூன்று நாள் நின்றிருந்தால் லெவலும் ஏறி இன்னும் பல இடங்கள் பூட்டுப்பட்டிருக்கும்.

இனி நீங்கள் சொல்லாமல் விட்டது. பாலைவனத் தீவுக்கு ஒருதரம் போனீர்கள், மரிபெல் விழுந்தாள், பயந்து முதல் தீவுக்குத் திரும்பினீர்கள், நட்சத்திரம் ஏற்றிக்கொண்டு போவோம் என்று நினைத்தீர்கள். சரியா?

குளக்கட்டுப்பொடியன், 7.24

ஓம் ரீச்சர். எப்படித் தெரியும்?

துணுக்காய் ரீச்சர், 7.37

பாலைப்பழம் நேற்றுக் கேட்டாரே, 300 சண்டை பிடித்தவள் எப்படி விழுவாள் என்று. ஸ்லைமிடம் விழமாட்டாள்.

மரிபெலை மேஜ் ஆக்கியிருப்பீர்கள். மேஜ் வேலை எடுத்தால் மந்திரம் கூடும், உயிரும் பலமும் குறையும். அவளை வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள், முன்னால் நிற்பவருக்குத்தான் அடி கூட விழும். நாயகனைப் போர்வீரனாகவோ ஃபைட்டராகவோ முன்னுக்கு விடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று பேரையும் மெலிந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் படிக்கும்போது மற்ற இருவரும் தாங்கவேண்டும்.

பிறகு பாலைவனத்துக்கே போங்கள். நட்சத்திரத்துக்கென்று தனியாகச் சண்டை பிடிக்கவேண்டாம், கதையோடு வரும் சண்டையே பெரும்பாலும் போதும். வேகத்தையும் சண்டைக்கு மட்டும் வையுங்கள். ஊருக்குள் ஆட்கள் கதைக்கும்போது 4 மடங்கில் ஓட்டினால் கல்துண்டு எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வதும் ஓடிவிடும். பிறகு அதற்கும் ஒரு இழை தொடங்குவீர்கள்.

பழைய மெமரிகார்ட், 8.02

இதைத்தான் நான் நேற்றே சொன்னேன்.

யானைவேலி, 8.05

எங்கே சொன்னீர்கள்?

பழைய மெமரிகார்ட், 8.11

பொறுமை வேண்டும் என்று சொன்னேன்.

ஏ9இரவுபஸ், 8.30

ரீச்சர் சொல்வது இருக்கலாம். ஆனாலும் வேகத்தை 2 மடங்குக்கு மேல் வைக்காதீர்கள்.

நந்திக்கடல்இறால், 8.44

ஒருவரும் மேய்ப்பனைப் பற்றிச் சொல்லவில்லையே. சேஜ், பலடின் என்று ஆளாளுக்குப் பெரிய கனவு காண்கிறீர்கள். சேஜுக்கு மேஜும் கிளெரிக்கும் முடிக்கவேண்டும், பலடினுக்கு ஃபைட்டரும் கிளெரிக்கும், இதெல்லாம் எப்போது முடிவது? மேய்ப்பன் அடிப்படை வேலை. அதில் ஒரு வித்தை வரும், ஆட்டுமந்தை ஒன்று பாய்ந்துவந்து எதிரில் நிற்கிற எல்லோரையும் மிதித்துவிட்டுப் போகும். அந்தக் கட்டத்தில் அதைப்போல அடி வேறெதிலும் இல்லை. நான் கபோவை மேய்ப்பனாக்கினேன். ஓநாய்க்குட்டியாக இருந்து மனிதனான பொடியன் ஆடு மேய்ப்பதைப் பார்க்கவே ஒரு சிரிப்பு. எங்கள் ஐயாவுக்குக் காட்டினேன், பட்டிக்குள் ஓநாயை விட்டவன் எவன் என்று கேட்டார்.

பழைய மெமரிகார்ட், 8.51

மேய்ப்பன் வீண்வேலை. நேரம் போக்காட்டுபவர்களுக்கானது.

நந்திக்கடல்இறால், 8.53

100 மணித்தியால கேமை விளையாடுகிறவர்கள் எல்லோரும் நேரம் போக்காட்டுகிறவர்கள்தான் அண்ணை.

மாங்குளம்சந்தி, 9.20

நான் காலபோகத்துக்கு விதைக்கும்போது தொடங்கினேன். இரவு காவலுக்குக் கொட்டிலில் இருக்கும்போது மட்டும் விளையாடுவேன், ஒரு இரவுக்கு ஒரு மணித்தியாலம், அதற்குள் யானை வந்தால் அதுவும் இல்லை. அரிவு வெட்டும்போது இரண்டாவது டிஸ்க்குக்கு வந்தேன். ஒரு தீவு, ஒரு துயரம், ஒரு கல்துண்டு என்று போகும். ஒரேயடியாக இருந்து முடிக்கும் கேம் இல்லை இது. இரண்டு தீவை ஒரே இரவில் முடித்தால் எந்த ஊரில் யார் கல்லானார், யார் செத்தார் என்று குழம்பிப்போகும்.

யானைவேலி, 9.31

3டிஎஸ் இல் தொடக்கத்தைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறார்கள், கல்துண்டு பக்கத்தில் இருந்தால் கீழ்த்திரை காட்டிக்கொடுக்கும். கெடுத்த பதிப்பு என்றால் கெடுத்ததாகவே இருக்கட்டும், நான் எங்கேயும் மாட்டுப்படவில்லை.

பழைய மெமரிகார்ட், 9.34

மாட்டுப்படுவதுதான் இந்த கேம்.

பாலைப்பழம், 9.40

இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

குளக்கட்டுப்பொடியன், புதன் இரவு 10.12

ஏறுகிறது. பாலைவனத்தில் முதல் நாளே இரண்டு பேருக்கு ஏறியது. மரிபெல் கடைசியில் நிற்கிறாள், இப்போது விழுவதில்லை. கபோ மேய்ப்பன். ரீச்சருக்கு நன்றி. போன் 6%.

ஏ9இரவுபஸ், 10.15

வேகம் எத்தனை மடங்கில் வைத்தீர்கள்?

ஏ9இரவுபஸ், வியாழன் காலை 7.03

தம்பி?

புதுவரவு, வியாழன் 8.20

அவர் முடித்துவிட்டதால் நான் கேட்கிறேன். கீஃபருக்கு நான் ஏற்கெனவே நான்கு விதை கொடுத்துவிட்டேன். பழைய சேவ் இல்லை. அவனிடமிருந்து திரும்ப எடுக்க ஏதும் வழி இருக்கிறதா?

துணுக்காய் ரீச்சர், 8.26

எந்தப் பதிப்பு?