புதுப்பிப்பு: டிராவல் டிரெய்லர் டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு

என் டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) டயரில் டிரெட், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளம், நிறைய இருந்தது, ஆனால் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்புகள். மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான்கு டயரையும் மாற்றிவிட்டேன்.

முடிவெடுக்க உதவியது "டி.ஓ.டி. எண்ணைப் பாருங்கள்" (டயரின் பக்கச்சுவரில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறியீடு) என்ற யோசனைதான். கடைசி நான்கு இலக்கம் 2217, அதாவது 2017இன் 22ஆம் வாரத் தயாரிப்பு. வெயிலில் நின்றே நாளைக் கழிக்கும் டிரெய்லர் டயர், தேயும் முன்பே கிழடாகிவிடுகிறது. டிரெட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம் தண்ணீரும் சாமானும் ஏற்றி, டிரக் ஸ்டாப் (நெடுஞ்சாலையில் லாரிகள் நிற்கும் இடம்) எடைமேடையில் நிறுத்திப் பார்த்தேன். பழையவை எஸ்.டி. 225/75 ஆர்15 (டிரெய்லர் டயர் அளவு), லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கும் தரம்) டி, 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அழுத்தத்தில் ஒரு டயர் தாங்குவது 2,540 பவுண்டு. அந்த வரம்பை ஒட்டியே பாரம் இருந்தது. அதே அளவில் லோட் ரேஞ்ச் ஈ, 80 பி.எஸ்.ஐ.யில் 2,830 பவுண்டு தாங்கும். அதையே போட்டேன்.

எதிர்பாராதது வால்வு! சாதாரண ரப்பர் வால்வுக்கு 65 பி.எஸ்.ஐ.தான் உச்சம். கடையில் பழையதையே விடப் பார்த்தார்கள். கேட்டு வாங்கி உயர் அழுத்த உலோக வால்வு போட வைத்தேன். ரிம்மில் பொறித்திருக்கும் அழுத்த வரம்பையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். காற்றை அளப்பது காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.